கொழுந்து பறிக்கும் கையைப் பரிசோதிப்பது எப்படி?

பேராதனை மருத்துவ பீடத்தில் இறுதி ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஷோர்ட் கேஸில் (ஒரு நோயாளியைச் சில நிமிடங்களில் பரிசோதித்துக் காட்டும் தேர்வில்) 'இவருடைய கைகளைப் பரிசோதியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு எக்ஸாமினர் நிற்கிறார். புத்தகத்தில் அடையாளங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. போதாததற்கு, நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் கைகள் புத்தகப் படங்களில் இருப்பதுபோல் இருப்பதே இல்லை."

தங்கச்சி, நீங்கள் கடைசியில் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இருப்பவை வெளுத்த தோல் கொண்ட, வெயிலும் மழையும் படாத கைகள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் உங்களுக்குக் கிடைப்பது உழைத்த கை. வேலை போட்ட அடையாளம் எது, நோய் போட்ட அடையாளம் எது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே கையைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள்? எந்தக் கை பழக்கம்? எங்கேயாவது வலி இருக்கிறதா? "ஆக்கள் பேசக்கூடாது, கையை மட்டும் பாருங்கள்" என்று எக்ஸாமினர் சொன்னாலும், வலி இருக்கிறதா என்று கேட்க ஒருவரும் தடை சொல்லமாட்டார்கள். வீங்கிய மூட்டை நீங்கள் அழுத்தி, அந்த அம்மா முகத்தைச் சுளித்தால், அதற்குப் பிறகு எதைக் கண்டுபிடித்தும் பயனில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார்கள். "கறை புடிச்ச கைங்க டொக்டர்" என்பார்கள். நீங்கள் முதலில் உங்கள் கையைக் கழுவி, குளிராக இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, "கையைக் காட்டுங்கம்மா, நோகாமப் பாக்கிறேன்" என்று சொல்லி, ஒரு தலையணையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். முழங்கை வரை தெரியவேண்டும். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அறுக்காதீர்கள். அனுமதி கேட்டு மேலே தள்ளிவிட்டுப் பாருங்கள். கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது) அறுவைச் சிகிச்சைத் தழும்பும் சிரங்கின் தடமும் அந்தக் கயிற்றுக்கடியில் மறைந்திருக்கும்.

இனி அந்தக் கறைக்கு வருவோம். தேயிலைக் கொழுந்தில் பொலிபீனால்கள் நிறைய உண்டு. கொழுந்தைக் கிள்ளும்போது சாறு கசிந்து காற்றுப்பட்டுக் கறுக்கும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும், நகத்தின் ஓரத்திலும், தோலின் வெடிப்புகளிலும் அது படியும். சவர்க்காரத்துக்குப் போகாது. தேசிக்காய் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். வேலைக்குப் போகாமல் சில வாரம் வீட்டில் இருந்தால் தானாகவே உதிர்ந்து போகும். இதைப் பார்த்துவிட்டு அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பி பழுதாகித் தோல் கறுப்பது) என்று சொன்ன மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அடிசனின் கருமை தோல் ரேகைக்குள் மட்டும் நிற்காது. வாயின் உட்புறத்திலும், முழங்கையிலும், பழைய தழும்பிலும் தெரியும். தேயிலைக் கறை கொழுந்து படும் இடத்தில் மட்டும் இருக்கும். இன்னொரு கருமையையும் நினைவில் வையுங்கள்: விரல் முட்டிகளின் புறத்தில் கறுத்து, உள்ளங்கை வெளுத்திருந்தால், விற்றமின் பி12 குறைவைப் பற்றி யோசியுங்கள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் எடுக்காதவர்களிடம் குறிப்பாக.

காய்ப்பும் அப்படித்தான். கொழுந்து பறிப்பது இரு கைகளாலும் செய்யும் வேலை, ஆகையால் பெருவிரல், சுட்டுவிரல் காய்ப்புகள் இரு பக்கமும் இருக்கும். கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) ஆணுக்கு, கத்தி பிடிக்கும் கையின் உள்ளங்கையில்தான் காய்ப்பு. ஒரு கையில் மட்டும் காய்ப்பு மெலிந்து தோல் மிருதுவாகிக்கொண்டு வந்தால், அந்தக் கையை அவர் பாவிப்பதில்லை என்று பொருள். ஏன் என்று தேடவேண்டும். டுப்யூட்ரன் சுருக்கத்தையும் காய்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ப்பு தோலோடு சேர்ந்து நகரும். டுப்யூட்ரனில் உள்ளங்கைத் தோல் அடியில் ஒட்டிக்கிடக்கும். மோதிரவிரலையோ சுண்டுவிரலையோ நிமிர்த்தினால் கயிறுபோல் ஒரு நார் விறைத்து நிற்கும். அந்தக் கையை மேசைமேல் தட்டையாக வைக்க முடியாது.

இரத்தச்சோகையைக் கையில் பார்ப்பதில் மலையகத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அது இங்கே மிகச் சாதாரணம், அதோடு நன்றாக ஒளிந்தும் கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அதன்மேல் மாதவிடாய், பிள்ளைப்பேறு எல்லாம் சேரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிக்குப் 11 கிராமுக்குக் கீழும் (நடு மூன்று மாதங்களில் 10.5க்குக் கீழும்) இருந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உள்ளங்கை ரேகைகளே வெளுத்துவிட்டால் அளவு மிகவும் கீழே போய்விட்டது என்றுதான் எடுக்கவேண்டும். பார்க்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு: விரல்களைப் பின்னுக்கு இழுத்து வளைத்தால் யாருடைய உள்ளங்கையும் வெளுக்கும். கையைத் தளர்வாக விரித்து, உங்கள் கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரேகைக்குள் கறை இருந்தால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டைப் பாருங்கள், அங்கே கறை குறைவு. பிறகு கீழிமையை இழுத்துப் பாருங்கள். நகம் குழிந்து கரண்டிபோல் இருந்தால், ஒரு துளி நீர் விட்டால் அதில் நிற்கும் அளவுக்கு இருந்தால், இரும்புக்குறைவு நீண்ட நாளாக இருக்கிறது.

மருதாணி வைத்த நகத்தில் வெளிறலும் தெரியாது, நீலமும் தெரியாது. திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ போய்வந்தவர்களிடம் உதட்டையும் நாக்கையும் நம்புங்கள்.

நீலம் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் அதிகம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் கிளினிக்குக்கு நடந்து வந்தவரின் விரல்கள் நீலமாக, சில்லென்று இருப்பது இயல்பு. குளிரில் சுருங்கிய விரலில் ஒக்ஸிமீற்றரைப் போட்டால் எண் தப்பாக வரும். கேப்பிலரி ரீஃபில் (அழுத்திய விரல்நுனிக்கு நிறம் திரும்பும் நேரம்) இரண்டு செக்கனைத் தாண்டும். ஆகவே கையை முதலில் போர்வைக்குள் வைத்தோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ சூடாக்குங்கள். இதயமட்டத்தில் கையை வைத்து, விரல்நுனியை ஐந்து செக்கன் அழுத்திவிட்டுப் பாருங்கள். சூடாக்கியபின்னும் நீலமாக இருந்தால் நாக்கைப் பார்க்கவேண்டும். நாக்கும் நீலமென்றால் அது நெஞ்சு சம்பந்தப்பட்டது. நாக்கு சிவப்பாக இருந்தால் கைக்கு இரத்தம் போவதில் குறை. கடுமையான இரத்தச்சோகை உள்ளவரிடம் நீலம் தெரியாமலே போகலாம். ஒக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும் என்பது பழைய கணக்கு. மொத்தமே 6 கிராம் உள்ளவரிடம் 5 கிராம் எங்கிருந்து வரும்? வெளுத்த கையைப் பார்த்து "நீலம் இல்லை, மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள்.

நகங்களைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணை நகத்தின் மட்டத்துக்கு இறக்கிக் குனிந்து பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்து கிளப்பிங் (விரல்நுனி தடித்து நகம் உருண்டு வளைவது) சொல்வது ஊகம்தான். நகமும் அதன் அடித்தோலும் சேரும் இடத்தில் இருக்கவேண்டிய சின்னச் சரிவு போயிருக்கிறதா? இரண்டு சுட்டுவிரல்களாலும் நகத்தின் அடியை மாறிமாறி அழுத்தினால் பஞ்சில் மிதப்பதுபோல் அசைகிறதா? பிறகு இரு கைகளின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இயல்பான விரல்களுக்கிடையே வைர வடிவில் ஒரு துவாரம் தெரியும். கிளப்பிங்கில் அது அடைபட்டுவிடும். தென்னாபிரிக்க இதய மருத்துவர் லியோ ஷம்ரோத், இதய உட்சுவர்த் தொற்று வந்து தானே நோயாளியாகப் படுத்திருந்தபோது தன் விரல்களிலேயே இதைக் கண்டு 1976இல் எழுதினார். கிளப்பிங்கைக் கண்டால் அடுத்த பார்வை நெஞ்சுக்கு. பழைய காசநோய்க்குப் பின் வந்த மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் புற்றுநோய், பிறவி நீல இதயநோய், இதய உட்சுவர்த் தொற்று, ஈரல் சுருக்கம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: பீடி குடித்து வந்த நாட்பட்ட மூச்சடைப்பு நோய் மட்டும் கிளப்பிங்கைத் தராது. அப்படிப்பட்டவரிடம் கிளப்பிங் இருந்தால் புற்றுநோயைத் தேடவேண்டும்.

நகத்துக்கடியில் சிராய்போல் கறுப்புக் கோடுகள். இதிலும் நம் ஆட்களின் கை ஏமாற்றும். வார்டில் காய்ச்சலோடு படுத்திருந்த ஓர் அம்மாவின் மூன்று நகங்களில் கோடுகளைப் பார்த்து, ஒரு மாணவர் உற்சாகமாக எண்டோகார்டைடிஸ் (இதய உட்சுவர்த் தொற்று) என்றார். கோடுகள் எல்லாமே நகத்தின் நுனியோரத்தில், பெருவிரலிலும் சுட்டுவிரல்களிலும். அவை கவ்வாத்துக் கம்பு குத்தியதால் வந்தவை. இரத்தத்தில் தொற்று இருந்து வரும் கோடுகள் நகத்தின் நடுவிலோ அடிப்பக்கமோ, வேலை படாத விரல்களிலும் வரும். விரல்நுனிச் சதையில் தொட்டால் நோகும் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவா, உள்ளங்கையில் நோகாத சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். முதலாவது ஒஸ்லர் முடிச்சு, இரண்டாவது ஜேன்வே புள்ளி; இரண்டும் அந்த இதயத் தொற்றின் அடையாளங்கள். பழுப்புத் தோலில் சிவப்பு லேசில் தெரியாது. யன்னல் வெளிச்சத்துக்குக் கையைத் திருப்புங்கள், வார்ட் ரியூப்லைட்டை நம்பாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் மலையகத்தில் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே கோடுகளை வேலையின் கணக்கில் எழுதிவிட்டும் இதயத்தைக் கேட்காமல் போகக்கூடாது. நான் அந்த அம்மாவின் நெஞ்சிலும் கேட்டேன். மர்மர் (இதய ஓசையோடு வரும் இரைச்சல்) இல்லை, காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று.

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும். எல்லா நகங்களிலும் ஒரே மட்டத்தில் குறுக்காக ஒரு பள்ளம் ஓடினால், அது அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, பெரிய நோய் எப்போது வந்தது என்று சொல்லலாம். "ரெண்டு மாசத்துக்கு முந்தி கடுமையா இருந்தீங்களா?" என்று கேட்டால் அசந்துபோவார்கள். நகம் முழுவதும் வெள்ளையாக இருந்தால் அல்புமின் குறைவு, ஈரலையும் சிறுநீரகத்தையும் பாருங்கள். அங்கங்கே வெள்ளைப் புள்ளி என்றால் சின்ன அடிதான். அதற்குக் கல்சியம் குளிசை எழுதவேண்டியதில்லை.

விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சிரங்கின் மெல்லிய சுரங்கக்கோடுகள் அங்கேதான் இருக்கும், மணிக்கட்டின் உட்புறத்திலும். இராத்திரியில்தான் அரிப்புக் கூடும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அறை ஒன்றில் ஐந்தாறு பேர் படுக்கும்போது ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண். அத்தனை பேரும் ஒரே நாளில் பூசவேண்டும்.

மூட்டுக்கு வருவோம். விரல் நுனி மூட்டில் கெட்டியான முடிச்சு இருந்தால் அது தேய்மானம்; ஹெபர்டன் முடிச்சு என்பது இதுதான். விரல் முட்டியிலும் நடு மூட்டிலும் மெத்தென்று பிசைபடும் வீக்கம், நுனி மூட்டில் ஒன்றுமில்லை, இரு கையிலும் ஒரேமாதிரி என்றால் ருமாட்டொயிட் மூட்டழற்சி. நுனி மூட்டும் வீங்கி, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ். முட்டிகளை இரு பக்கமிருந்தும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், ருமாட்டொயிட்டில் ஆரம்பத்திலேயே அது நோகும். காலையில் விரல்கள் எத்தனை நிமிடம் இறுகியிருக்கும் என்று கேட்டால் எங்கள் அம்மாமாருக்குப் பதில் வராது. "பெரட்டுக்குப் போகும்போது கை மடங்குதா? காலை நிறுவைக்காவது சரியாகுதா?" என்று கேளுங்கள், கணக்கு சரியாக வரும். (பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, நிறுவை என்பது பறித்த கொழுந்தை எடைபோடுவது.) ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அழற்சி என்று எடுங்கள். முழங்கையைத் திருப்பிப் பார்க்காமல் கையை விட்டுவிடாதீர்கள். ருமாட்டொயிட் முடிச்சும் சொரியாசிஸ் திட்டும் அங்கேதான் காத்திருக்கும்.

பெருவிரலை ஓயாமல் மடக்கி நிமிர்த்தும் வேலை என்பதால் டி குவெர்வெய்ன் (பெருவிரல் தசைநார் உறை அழற்சி) வலியும் பார்க்கக் கிடைக்கும். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் பெருவிரலின் அடியில் சுரீர் என்று வலிக்கும்.

நரம்புகளுக்கு மூன்று அசைவுகள் போதும். உள்ளங்கையை மேலே வைத்துப் பெருவிரலைக் கூரையைப் பார்த்துத் தூக்கச் சொல்லி எதிர்த்துத் தள்ளுங்கள்: மீடியன். விரல்களை விரித்து வைக்கச் சொல்லிச் சேர்க்கப் பாருங்கள்: அல்னார். மணிக்கட்டை மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள்: ரேடியல். தொடு உணர்ச்சிக்குச் சுட்டுவிரல் நுனி, சுண்டுவிரல் நுனி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கைத் தோல். ஆனால் காய்ப்பின் மேல் பஞ்சை வைத்துவிட்டு "தெரியல" என்றதும் நரம்புக்கேடு என்று எழுதாதீர்கள். காய்ப்பில்லாத பக்கத் தோலில் தொடுங்கள், இரு கைகளையும் ஒப்பிடுங்கள்.

"ராத்திரியில வெரலு மரத்துப்போய் முழிச்சிக்கிறேன், ஒதறினா சரியாகுது" என்று சொன்னால் கார்ப்பல் டனலை ஏறக்குறைய முடிவு செய்யலாம். மணிக்கட்டுகளை ஒரு நிமிடம் முழுதாக மடக்கி வைக்கச் சொல்லுங்கள், மரமரப்பு வருகிறதா பார்ப்போம். பெருவிரல் மேடு வற்றியிருக்கிறதா? அந்த மேட்டின் தோலில் உணர்ச்சி சரியாக இருக்கும், ஏனெனில் அதற்கான கிளை டனலுக்கு வெளியே போகிறது. அங்கேயும் மரத்திருந்தால் சிக்கல் மேலே, முழங்கையிலோ கழுத்திலோ.

சுண்டுவிரல் பக்கம் வற்றி, கடைசி இரு விரல்களும் கொக்கிபோல் வளைந்திருந்தால் முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் அல்னார் நரம்பைத் தடவிப் பாருங்கள். தடித்து, கயிறுபோல் உருண்டால் தொழுநோயை நினையுங்கள். 1995இல் இலங்கை ஒழிப்பு இலக்கை எட்டியது என்பதால் நோயே போய்விட்டது என்று பொருளல்ல. புதிய நோயாளர்கள் இன்னும் வருகிறார்கள். விரல்நுனிகளில் அவருக்கே தெரியாத சூட்டுத் தழும்புகள் இருந்தால், அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கி வலி தெரியாமல் போனதாகச் சொன்னால், அன்றே அனுப்புங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் முழுக்கக் குணமாகும், மருந்து இலவசம், கை கொக்கியாகாமல் காப்பாற்றலாம். இந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் சொல்லவேண்டியது உங்கள் பொறுப்பு. தோட்டத்தில் ஒரு பெயர் ஒட்டிவிட்டால் பிள்ளைகளின் கலியாணம் வரை தொடரும்.

கைகளை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுக் கை சரிந்து எழுந்தால் ஈரல், சிறுநீரகம் அல்லது இரத்தத்தில் கூடிய காபனீரொட்சைட்டு. மெல்லிய வேகமான நடுக்கத்துக்கு விரல்மேல் ஒரு தாளை வையுங்கள். உள்ளங்கையும் சூடாக வியர்த்திருந்தால் தைரொய்ட். நீரிழிவுக்காரரை வணக்கம் சொல்வதுபோல் கையைக் கூப்பச் சொல்லுங்கள். உள்ளங்கைகள் ஒட்டாமல் இடைவெளி விழுந்தால் மூட்டுத்தோல் இறுகியிருக்கிறது. அப்படிப்பட்டவரின் கண்ணையும் சிறுநீரையும் பார்த்தாகவேண்டும்.

கடைசியில் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். சட்டைப் பொத்தான் போடச் சொல்வது எல்லா இடத்துக்கும் பொதுவானது. நம் ஆட்களிடம் ரொட்டிக்கு மா பிசைய முடிகிறதா, சேலைக் கொசுவம் மடிக்க முடிகிறதா, பிள்ளைக்குத் தலை பின்ன முடிகிறதா, கொழுந்தைக் கிள்ள முடிகிறதா என்று கேளுங்கள். எக்ஸாமினருக்கும் அதையே சொல்லுங்கள்: "இவர் கொழுந்து பறிப்பவர், வலக்கைப் பழக்கம். பெருவிரல், சுட்டுவிரல்களின் கறையும் காய்ப்பும் தொழிலால் வந்தவை. வலப் பெருவிரல் மேடு வற்றியிருக்கிறது, பெருவிரலைத் தூக்கும் பலம் குறைவு, முதல் மூன்றரை விரல்களில் உணர்ச்சி குறைவு, மேட்டின் தோலில் உணர்ச்சி சரியாக இருக்கிறது. அல்னாரும் ரேடியலும் சரி. மாப் பிசைவது கடினமாக இருக்கிறது என்கிறார். மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுத்தப்படுகிறது. காரணத்துக்குத் தைரொய்ட், நீரிழிவு, ருமாட்டொயிட், கர்ப்பம் ஆகியவற்றைத் தேட விரும்புகிறேன்." இதைச் சொல்லி முடித்ததும் தலையணையை எடுத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்ய அவருக்கு நேரம் கொடுத்து, "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு எக்ஸாமினரின் கேள்விக்குத் திரும்புங்கள். முதல் கேள்வி பெரும்பாலும் தைரொய்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். கழுத்தைப் பார்க்கட்டுமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.